முன்சீட்டு பயப்படுகிறவர்களுக்கு

போன வாரம் எந்த இடத்தில் விட்டோமோ அதே இடத்தில்தான் நம் மருமகள் நின்றுகொண்டிருக்கிறாள். பஸ் நிறுத்தம். தோளில் சூப் ஃபிளாஸ்க் வைத்த பை. கையில் மேனேஜரின் கயிறு. முகத்தில் ஈயாடவில்லை. வந்து நின்ற பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது, இன்றைக்கு யார் கண்ணில் படவே கூடாது என்று அவள் நினைத்திருந்தாளோ அவர். கணவனின் அக்கா. நாத்தனார்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மேனேஜர் என்பது நாய். பழுப்பு நிறம், கனத்த உடம்பு, கொஞ்சம் வயதாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்து போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, திருப்தியில்லாத முகத்தோடு திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். பெயர் அப்படி வந்ததுதான்.

மருமகள், பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். அவள் கணவன் ரொட்டி சுடுகிறவன். ஊர் தூங்கும்போது அவனுக்கு அடுப்பு, ஊர் எழுந்த பிறகு அவனுக்குத் தூக்கம். அவனுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, ஊரின் மறுகோடியில் உள்ள சிகிச்சை இல்லத்தில் கிடக்கிறார்.

எலும்பு கூடிவிட்டது. ஆள்தான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நர்ஸ் கெஞ்சினாள், டாக்டர் மிரட்டினார், மனிதர் எதற்கும் பிடி கொடுக்கவில்லை. பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் எளிது. வானத்தில் உட்கார்ந்து கண்டெய்னர்களைத் தூக்கியவர் வாயில் அந்த வார்த்தை வருமா?

ஒருநாள் மருமகள் மேனேஜரை இல்லத்தின் தோட்டத்து வாசலுக்கு அழைத்துப் போனாள், சும்மா பார்க்கட்டும் என்று. நர்ஸ் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த கிரேன்காரர் கயிற்றைக் கையில் வாங்கினார். மேனேஜர் நாலடி நடந்தது, நின்றது, திரும்பிப் பார்த்தது. அவர் வரும்வரை நின்றது. பிறகு மறுபடி நாலடி. அன்றைக்கு நடந்தவர் தினமும் நடக்கிறார். "இவன் என்னைப் பார்த்துப் பாவம்னு நினைக்கறதில்ல, அதான் பிடிச்சிருக்கு" என்றார். இப்படியே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், நடுவில் விட்டால் படுக்கையோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவ்வளவு தூரம் போக பஸ்தான் வழி. டாக்ஸிக்காரர்கள் நாயைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். நல்லவேளையாக நகர நிர்வாகம் இந்த ஒரு மாதம் மட்டும், சோதனைக்காக, பஸ்ஸில் நாய்களை அனுமதித்திருந்தது. கயிறு கட்டாயம். ஏற்றுவதா வேண்டாமா என்பது டிரைவரின் விருப்பம். இன்று மாலை டிப்போவில் கூட்டம். டிரைவர்கள் ஒவ்வொருவராக வாக்குச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்பவர்கள் கூடிவிட்டால் நாளையிலிருந்து மேனேஜர் வீட்டோடு, கிரேன்காரர் கட்டிலோடு.

நாத்தனாருக்கு நாய் என்றால் ஆகாது. சின்ன வயதில் கடிபட்டவர். அவர் வீட்டுக்கு வந்தாலே மேனேஜரை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். அதனால் இந்த நடைப் பயிற்சி விவகாரத்தைப் பற்றி அவரிடம் மூச்சுவிடவில்லை. அவர் எந்தப் பாதையில் ஓட்டுகிறார் என்று பார்த்து, மீசைக்காரர் என்ற நல்ல மனிதர் ஓட்டும் வண்டியிலேயே தினமும் போய் வந்துகொண்டிருந்தாள் மருமகள். இன்றைக்குப் பார்த்து மீசைக்காரருக்குக் காய்ச்சல்.

கதவு திறந்தது.

"அண்ணி" என்றாள் மருமகள்.

நாத்தனார் கழுத்தைத் திருப்பவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தார். டிப்போவில் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர். வண்டிக்குள் யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள், யார் எழுந்திருக்கப் பார்க்கிறார்கள் என்று எல்லாம் கண்ணாடியிலேயே தெரிந்துகொள்வார்.

"எங்க போற?"

"மாமாவைப் பார்க்க."

"அதையும் கூட்டிக்கிட்டா?"

"ம்."

"இன்னைக்கு மட்டுமா, தினமுமா?"

பொய் சொல்ல வாய் திறந்தாள். அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"தினமும் அண்ணி. மீசைக்காரர் வண்டியில."

"அவன் எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நாங்கதான் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டோம்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். நாத்தனார் கையை லேசாக ஆட்டினார்.

"மத்தவங்க ஏறட்டும். நீ கீழயே நில்லு."

எல்லோரும் ஏறினார்கள். மருமகள் கீழே நின்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார், அவ்வளவுதான் என்று நினைத்தாள். போனாலும் குற்றம் சொல்ல முடியாது. விருப்பம் அவருடையது என்று விதியிலேயே இருக்கிறது.

முதல் வரிசையிலிருந்து குரல் வந்தது. மடித்த குடையை முழங்காலுக்கு நடுவில் நட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

"டிரைவரம்மா, அந்த நாயை ஏத்திடாதீங்க. பஸ்ஸுன்னா நாலு பேர் மூச்சு விடுற இடம். முடி கொட்டும், நாத்தம் அடிக்கும்."

"அமைதியாத்தானே நிக்குது, பாவம்" என்றாள் காதில் பாட்டு மாட்டியிருந்த ஒரு கல்லூரிப் பெண்.

"உங்களுக்குப் பாவம். எம் பொண்ணு நடுங்குறா பாருங்க" என்றாள் இன்னொருத்தி. அவள் மடியில் ஒரு சின்னப் பெண் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள்.

நாத்தனார் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். எழுந்தார். பயணிகளைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"யாரு சிரிச்சது?" என்றார்.

சிரித்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கும் நாய்னா பயம். கடி வாங்கினவ நான், கால்ல தையல் இருக்கு. பயந்தவங்களைப் பார்த்து என் வண்டியில யாரும் சிரிக்கக் கூடாது. அதே மாதிரி, நாய் கூட வந்திருக்கவங்களையும் திருட்டுப் பொருள் கொண்டு வந்த மாதிரி யாரும் பார்க்கக் கூடாது. இந்த மாசம் அவங்களுக்கும் வண்டியில இடம் உண்டுன்னு சொல்லியிருக்காங்க."

கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார்.

"பயப்படறவங்க முன்னாடி வாங்க. முன்சீட்டு உங்களுக்கு. நான் பக்கத்துலயே இருக்கேன். முன்னாடி உக்காந்திருக்கறவங்க எழுந்து கொஞ்சம் இடம் குடுங்க. நாய் நடுக்கதவு வழியா ஏறும்."

அந்தச் சின்னப் பெண்ணும் அம்மாவும் முன்னால் வந்தார்கள். குடைக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் இங்கயேதான் இருக்கேன். ஆனா எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல. இது கொள்கை."

"கொள்கைக்கும் இங்க இடம் இருக்கு சார், உக்காருங்க" என்றார் நாத்தனார்.

மருமகள் நடுக்கதவு வழியாக ஏறி, பழக்கப்பட்டபடி மேனேஜரைப் பின்பக்கம் இழுத்தாள். "கடைசி சீட்டுக்குக் கீழ உக்கார வெச்சுடறேன் அண்ணி. அங்கதான் தினமும் உக்காருவான். யார் கண்ணுலயும் படமாட்டான்."

"அங்கதான் கூடாது" என்றார் நாத்தனார். "யார் கண்ணுலயும் படலேன்னா என் கண்ணுலயும் படாது. எனக்குத் தெரியாத இடத்துல அது இருக்குன்னு நினைச்சுக்கிட்டு நான் ரோட்டைப் பார்க்க முடியுமா? குழந்தை வண்டி நிறுத்தற இடத்துல உக்காரச் சொல்லு. கண்ணாடியில தெரியணும்."

மறைத்து வைப்பதுதான் மரியாதை என்று ஒரு மாதமாக நினைத்திருந்தாள் மருமகள். மீசைக்காரரும் ஒன்றும் சொன்னதில்லை. வெட்கத்தோடு மேனேஜரைக் கொண்டுபோய் வெளிச்சத்தில் உட்கார வைத்தாள்.

வண்டி கிளம்பியது.

நாத்தனார் ஓட்டி மருமகள் போவது இதுதான் முதல் தடவை. வீட்டு விசேஷங்களில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்லும் நாத்தனாரைத்தான் அவளுக்குத் தெரியும். இது வேறு ஆள். அத்தனை பெரிய வண்டி, நெரிசலான கடைத்தெருவில் யாரையும் உரசாமல், யாரையும் மிரட்டாமல் போயிற்று. நிறுத்தங்களில் நின்றபோது நின்றதே தெரியவில்லை. நின்றுகொண்டிருந்த கல்லூரிப் பெண் கம்பியைப் பிடிக்காமலே போனில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

உள் கண்ணாடியில் நாத்தனாரின் முகம் தெரிந்தது. ரோடு, கண்ணாடி, ரோடு என்று கண் போய்ப் போய் வந்தது. கண்ணாடிக்கு வரும்போதெல்லாம் அது மேனேஜர் மேல் விழுந்து எழுந்தது. மருமகளுக்கு வாயையும் தாடையையும் பார்த்துப் பார்த்துப் பழக்கம், தொழில் அப்படி. காதுக்குக் கீழே அந்தத் தசை புடைத்துப் புடைத்து அடங்குவதைப் பார்த்தாள். நாத்தனார் உண்மையாகவே பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினார். வண்டி மட்டும் வெண்ணெய் மாதிரி போயிற்று.

இப்படி ஒரு மனுஷிக்குத் தெரியாமல் ஒரு மாதம் ஒளிந்து விளையாடினோமே என்று இருந்தது அவளுக்கு.

மேம்பாலத்து இறக்கத்தில் எங்கிருந்தோ ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. நாத்தனார் பிரேக்கை மிதித்தார். மருமகளின் பை நழுவியது. ஃபிளாஸ்க் விழப்போகிறதே என்று இரண்டு கையாலும் பையைப் பிடித்தாள். கயிறு விட்டுப்போயிற்று.

மேனேஜர் வழுவழுப்பான தரையில் ஒரு முழம் சறுக்கி எழுந்தது. உடம்பை உதறிக்கொண்டது. அசம்பாவிதம் ஒன்று நடந்திருக்கிறது, தான் போய்ப் பார்க்காமல் எப்படி என்று நினைத்ததோ என்னவோ, வாலை நிமிர்த்திக்கொண்டு நேராக முன்பக்கம் நடந்தது.

"மேனேஜர், நில்லு" என்று அடித்தொண்டையில் கத்தினாள் மருமகள். நிற்கவில்லை.

சின்னப் பெண் வீறிட்டது. குடைக்காரர் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார், கொள்கையோடுதான். மேனேஜர் டிக்கெட் மெஷின் வரை போய், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், நாத்தனாரின் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது.

நாத்தனாருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அதன் மூச்சே கேட்டிருக்கும்.

வண்டி கோணவில்லை. குலுங்கவில்லை. இடது பக்க விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது, வண்டி ஓரம் கட்டியது, நின்றது. ஹேண்ட் பிரேக் விழுந்தது. அதற்கப்புறம்தான் நாத்தனாரிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"கயிறு."

மருமகள் கிட்டத்தட்ட தவழ்ந்து போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். மேனேஜர் போகும்போது குடையை ஒரு தடவை பார்த்தது. அதிலும் அதற்குத் திருப்தியில்லை.

நாத்தனார் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிடித்திருந்த இடம் இரண்டும் ஈரமாக மின்னியது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

"இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் குடைக்காரர், காலைக் கீழே இறக்காமல்.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது. மாலைக் கூட்டத்தில் நாத்தனார் என்ன சொல்லப்போகிறார் என்பதற்கு இனி ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

"நீங்க சொன்னதுல பாதி சரி சார்" என்றார் நாத்தனார். "கையில பிடிச்சா மட்டும் போதாது. கம்பியில கட்டியிருக்கணும். விதி எழுதினவங்களுக்கு அது தோணல, ஏத்தின எனக்கும் தோணல." பிறகு கண்ணாடியில் மருமகளைப் பார்த்து, "கட்டு" என்றார்.

கட்டினாள்.

சின்னப் பெண் விசும்பலை நிறுத்திவிட்டு நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, உங்களுக்கும் பயம்னு சொன்னீங்களே. நீங்க ஏன் கத்தல?"

"நான் கத்தினா வண்டியை யாரு ஓட்டுறது?" என்றார் நாத்தனார். சாவியைத் திருகினார்.

அந்த நிமிஷத்தில் மருமகளுக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல் இருந்தது. பயமே இல்லாதவர்கள் அமைதியாக இருப்பதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. பயத்தைப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு இத்தனை பேரைப் பத்திரமாக ஓரம் கட்டினாரே, அதை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

கடைசி நிறுத்தம் சிகிச்சை இல்லத்தின் வாசல். மற்றவர்கள் முந்தைய நிறுத்தங்களிலேயே இறங்கிப் போயிருந்தார்கள். வண்டி வளைந்து நின்றபோது மருமகளுக்கு இரண்டாவது அடி விழுந்தது.

நிறுத்தத்தில் கிரேன்காரர் நின்றுகொண்டிருந்தார்.

இத்தனை நாளில் அவர் தோட்டத்து எல்லையைத் தாண்டியதில்லை. இன்று பார்த்து, தனியாக, ஊன்றுகோலோடு ரோட்டுக்கே வந்துவிட்டார். பெரிய உருவம், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நடுக்கதவையே பார்த்தபடி. மேனேஜர் இறங்கியதும் அதன் தலையில் கை வைத்தார்.

"லேட்டுடா. எவ்வளவு நேரமா நிக்கறேன் தெரியுமா?" என்றார்.

பிறகுதான் நிமிர்ந்தார். டிரைவர் சீட்டைப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

"பாப்பா" என்றார்.

ஐம்பதைத் தொடப்போகும் நாத்தனாரை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருவர்தான் உண்டு. நாத்தனார் இறங்கி வந்தார். நாயிடமிருந்து எட்டி, பஸ்ஸின் முன் சக்கரத்துக்கு அருகில் நின்றுகொண்டார்.

"நடக்கறீங்களாப்பா?"

"ஏதோ, கொஞ்சம்."

"போன ஞாயித்துக்கிழமை நான் வந்தப்ப படுத்துக்கிட்டு இருந்தீங்களே. ரொம்ப நேரம் காலை அமுக்கி விட்டேன். ரெண்டடி நடங்கப்பான்னு கெஞ்சினேன்."

"நீ வர்றேன்னு தெரிஞ்சா படுத்துக்குவேன்."

"ஏன்?"

கிரேன்காரர் மருமகளைப் பார்த்தார். இதில் உதவி செய்ய அவளால் முடியாது. அவரே சொல்ல வேண்டியது.

"எனக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு வரும்போதுதானே பாப்பா சின்ன வயசுல அந்த நாய் உன்னைக் கடிச்சுது. துறைமுக கேட்டுல. நான் மேல கிரேன்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். ஏணியில இறங்கி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அப்படிப்பட்ட உங்கிட்ட, ஒரு நாயோட கயிறைப் பிடிச்சாத்தான் எனக்குக் கால் எழும்புதுன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது? நான்தான் இவங்களைச் சொல்ல வேண்டாம்னு சொன்னேன்."

நாத்தனார் அப்பாவின் காலைப் பார்த்தார், ஊன்றுகோலைப் பார்த்தார், வாலை ஆட்டிக்கொண்டு நின்ற மேனேஜரைப் பார்த்தார்.

"இதையும் எனக்குத் தெரியாத இடத்துல வெச்சுட்டீங்க, எல்லாருமா சேர்ந்து" என்றார். குரல் உடைந்தது. உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கிளம்பற நேரம் ஆச்சு."

ஏறினார். கதவு மூடியது. வண்டி நேரத்துக்குக் கிளம்பிப் போயிற்று.

"கோவிச்சுக்கிட்டாளா?" என்று கேட்டார் கிரேன்காரர்.

"ஆமாம் மாமா. கோவிக்காம என்ன பண்ணுவாங்க?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மேனேஜர் நாலடி நடந்து நின்று திரும்பிப் பார்த்தது. அவர் நகரவில்லை.

"எப்படி ஓட்டுறா?"

மருமகள் சொன்னாள். குடைக்காரரிலிருந்து ஆரம்பித்து, முன்சீட்டு, மேம்பாலம், அந்த ஒற்றைச் சொல்வரை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரோட்டோரத்தில் நின்றபடியே முழுவதும் கேட்டார். கதை முடிந்ததும் தோட்டத்தைச் சுற்றி வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக நடந்தார்.

சாயங்காலம் ரொட்டிக்காரன் தூங்கி எழுந்து, டீயை முன்னால் வைத்துக்கொண்டு, விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தான்.

"அக்கா என்னைத் தொலைச்சுடுவா."

"உங்களை மட்டும் ஏன்? என்னையும்தான்."

"நீ மருமக, உன்னை விட்டுடுவா. நான் கூடப் பிறந்தவன். சின்ன வயசுலயே அவ கையால வாங்கினது இன்னும் முதுகுல இருக்கு."

"எனக்கு அதெல்லாம் கவலையில்லங்க. நாளைக்கு மாமா எப்படி நடப்பார்? அதைச் சொல்லுங்க."

வாசல் மணி அடித்தது. மேனேஜரை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்தாள் மருமகள்.

நாத்தனார் சீருடையைக்கூட மாற்றவில்லை. கூட்டம் முடிந்து நேராக வந்திருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரொட்டிக்காரன் எழுந்து நின்றான், எதற்கென்று அவனுக்கே தெரியாது.

"உக்காருடா. உன்னை அடிக்கற தெம்பு இப்ப எனக்கு இல்ல."

உட்கார்ந்தான்.

"எங்க டிப்போவுல புதுசா சேர்ந்தவங்க முதல்ல பேசணும், பழைய ஆளுங்க கடைசியில" என்றார் நாத்தனார். "பெரியவங்க வாயைப் பார்த்துச் சின்னவங்க மாத்திப் பேசிடக் கூடாதுல்ல, அதுக்காக. எல்லாரும் சொல்லி முடிச்சாங்க. ரெண்டு பக்கமும் சமமா நின்னுது. மிச்சம் நான் ஒருத்தி. மொத்தக் கூட்டமும் என் வாயையே பார்க்குது."

"என்ன அண்ணி சொன்னீங்க?" என்றாள் மருமகள்.

"கேளு. காலையில அப்பா என்னைப் பார்க்கறதுக்கு முன்னாடி நாயைப் பார்த்தார். எனக்குக் கோவம் வந்துச்சு. அந்தக் கோவத்துலயே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அப்புறம் அவர் நின்ன நிலையை நினைச்சேன். தனியா, ரோட்டுல. அழுகையா வந்துச்சு. அந்த அழுகையில வேணும்னு சொல்லியிருப்பேன். ரெண்டும் தப்பு. எங்க வீட்டுக் கோவத்துக்கும் எங்க வீட்டு அழுகைக்கும் ஊர் பஸ்ஸை ஏன் இழுக்கணும்? அந்தச் சின்னப் பொண்ணு வீறிட்டுச்சே, அதுக்கும் சேர்த்துத்தானே நான் சொல்லணும்?"

"அப்போ?"

"இப்ப சொல்ல மாட்டேன்னுட்டேன். மீசைக்காரன் ரூட்டை ஒரு வாரம் எங்கிட்ட குடுங்க, முன்சீட்டு, நடுக்கதவு, கம்பியில கட்டறதுன்னு எல்லாத்தையும் முறையா பண்ணிப் பார்க்கறேன், அதுக்கப்புறம் என் வாக்கைச் சொல்றேன்னேன். அதுவரைக்கும் சோதனை நீடிக்கும்னு எழுதிக்கிட்டாங்க."

ரொட்டிக்காரன் வாயைப் பிளந்தான். "அக்கா, தினமும் நாயை ஏத்திக்கிட்டா? உனக்குத்தான்..."

"பயம்தான். இன்னைக்குக் காலையில உயிர் போய் உயிர் வந்துச்சு. அதுக்கென்ன பண்றது? பயத்தை வெச்சே வாக்குச் சொல்லிட்டா அப்புறம் தெரிஞ்சுக்கறது எப்போ?"

மருமகள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிச்சிடுங்க அண்ணி என்று சொல்ல நினைத்தது அழுகையாகத்தான் வந்தது.

"அழாதே. உன்மேல கோவம் இன்னும் இருக்கு. அது தனிக் கணக்கு, சாவகாசமா தீர்க்கறேன். டீ இருக்கா? சர்க்கரையாவது ஒழுங்கா போடு."

அப்போது மருமகளின் போன் அடித்தது. சிகிச்சை இல்லத்து நர்ஸ். கேட்கக் கேட்க மருமகளின் முகம் மாறியது.

"என்ன, அப்பாவுக்கு என்ன?" நாத்தனார் எழுந்துவிட்டார்.

மருமகள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். "மாமா நாளைக்குக் காலையில பஸ்ஸுல ஏறப்போறாராம். கூடாதுன்னு டாக்டர் சண்டை போடறாராம், படி ஏறும்போது விழுந்தா இந்தத் தடவை எழுந்திருக்கவே முடியாதுன்னு. கேக்கவே மாட்டேங்கறாராம். என் பொண்ணு இத்தனை வருஷமா பஸ் ஓட்டுறா, ஒரு நாள் கூட நான் அதுல உக்காந்ததில்ல, இனிமே தள்ளிப்போட மாட்டேன், மேனேஜர் முன்னாடி ஏறி நின்னு திரும்பிப் பார்த்தா நானும் ஏறிடுவேன்னு அடம் பிடிக்கறாராம்."

நாத்தனார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். காலையில் அத்தனை நடந்தும் வண்டியைக் கோணவிடாத கை அது. இப்போது நாற்காலி தரையில் டக்டக்கென்று ஆடியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"டாக்டர் சொல்றதும் நியாயம்தானே அக்கா. வேண்டாம்னு நீயே சொல்லிடேன். உன் பேச்சைக் கேப்பார்" என்றான் ரொட்டிக்காரன்.

"கேப்பார்" என்றார் நாத்தனார். "கேட்டுட்டுப் படுத்துக்குவார். மறுபடி கட்டில்லதான் பார்க்கணும் அவரை."

சாத்தியிருந்த உள் அறைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மூக்கை உறிஞ்சி, மருமகள் பக்கம் திரும்பினார். டிரைவர் குரல் வந்துவிட்டது.

"நாளைக்கு முதல் வண்டி. மேனேஜர் இல்லாம அவர் படியில கால் வைக்க மாட்டார். அவன் ஏறி நின்னு திரும்பிப் பார்க்கணும், அப்பதான் ஏறுவார். நீயும் அவனும் லேட் பண்ணாம வந்து சேருங்க."